மூலைப் பாடு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று குப்பத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். பதினாறு வருஷம் அந்த வேனை ஓட்டியவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வராமல் சாந்தமா வரும்?

பெயர் தருமலிங்கம். பழவேற்காட்டில் இனாயத்துல்லா பாயிடம் டிரைவர். எங்கள் குப்பத்துப் பெண்கள் ஒன்பது பேர் விடிவதற்குள் மீன் கூடையோடு பொன்னேரி மார்க்கெட்டில் இருக்க வேண்டும். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். கூடை சொட்டுகிறதாம், நாறுகிறதாம். அதே மீன் குழம்பானால் மட்டும் கண்டக்டருக்கு நாறாது. அதனால் பாயின் வேனைப் பேசி வைத்திருந்தார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருத்தி என் பெண்டாட்டி கோவிந்தம்மா.

வேன் பாயிடம் வரும்போதே கிழம். அது விடுகிற புகைக்கு நான் ஹாரன் அடிக்கவே வேண்டியதில்லை. "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. நம்ம தருமுக்கு புகை வரும் முன்னே" என்று கிண்டல் செய்வாள் சூசையம்மாள். ஒன்பது பேரில் மூத்தவள், வாய் நீளம். புகை வெளியே போனால்கூடப் பரவாயில்லை. பின்பக்கம் இடது மூலையில் தரைத் தகடு உப்புக் காற்றில் அரித்து ஓட்டையாகியிருந்தது. அதற்கு நேர் கீழே சைலன்சர் குழாய் வெடித்திருந்தது. தகரம் வைத்து அடைப்பேன், மூன்று மாதத்தில் அந்தத் தகரமும் உதிரும். பாயிடம் சொன்னால், "பாக்கலாம் தருமு, பாக்கலாம்" என்பார். பாய் கெட்டவரில்லை. அவர் வேனின் பின்பக்கம் ஏறியதில்லை, அவ்வளவுதான்.

அந்த மூலையில் யார் உட்காருவது? முதல் வருஷம் இதற்காகக் கூந்தலைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். பிறகு சூசையம்மாள்தான் ஒரு வழி சொன்னாள். "ஏன்டி அடிச்சிக்கறீங்கோ? பாடு வெச்சிக்கலாம்."

எங்கள் ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துவிடும். அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடமும் கெட்ட இடமும் சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் வரும். இன்றைக்கு உனக்கு வந்தது நாளைக்கு எனக்கு வந்தே தீரும். படுகிற கஷ்டத்துக்கும் அதே சொல்தான், பாடு. எவன் பெயர் வைத்தானோ, தெரிந்துதான் வைத்திருக்கிறான்.

பெண்கள் ஆளுக்கொரு கிளிஞ்சலில் அடையாளம் கீறி, ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். ஒன்பது நாளைக்கு ஒரு தரம் ஒருத்திக்கு மூலை. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பொன்னேரியில் இறங்கியதும் காறித் துப்பிவிட்டு வியாபாரம் பார்க்கப் போவாள். மறுநாள் அடுத்தவள். யாரும் முறையை ஏமாற்றியதில்லை.

எண்பத்தெட்டு மழைக்காலத்தில் கோவிந்தம்மாவுக்கு இழுப்பு வந்தது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருப்பாள். படுத்தால் மூச்சு நிற்கும். பெண்கள் கூடிப் பேசி, அவளுடைய கிளிஞ்சலைச் சொம்பிலிருந்து எடுத்துச் சூசையம்மாளின் சுருக்குப்பையில் போட்டு வைத்தார்கள். அவளுக்கு இனி மூலை கிடையாது என்று தீர்மானம். எனக்கு நிம்மதி. அவளுக்குத்தான் அது பொறுக்கவில்லை.

"என் பங்கு புகையையும் சேத்து அதுங்க தின்னுதுங்க. ஓசில போறா மாதிரி கீது எனக்கு" என்பாள்.

"ஓசின்னா ஓசி. வாய மூடிக்கினு குந்து" என்று கத்துவேன். அவளிடம் அன்பாகப் பேச எனக்குத் தெரியாது. பயம் வந்தாலும் கத்தத்தான் வரும்.

மறு வருஷம், எண்பத்தொன்பது. டீக்கடை ரேடியோவில் ஒரு நாள் செய்தி சொன்னார்கள். இனிமேல் புதிதாகத் தயாரிக்கும் வண்டிகள் இன்ன அளவுக்கு மேல் புகை விடக் கூடாது, தில்லியில் விதி வந்துவிட்டது என்று. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். பெண்கள் கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏ பொம்பளைங்களா! சட்டம் வந்துடுச்சி! இனிமே எந்த வண்டியும் புகை வுடக்கூடாது!"

சூசையம்மாள் நிமிரவே இல்லை. "உன் வாய்ல வர்ற பீடிப் புகைக்கு எப்போ சட்டம் வரும் தருமு?"

எல்லாரும் சிரித்தார்கள். கோவிந்தம்மா மட்டும், "எந்த வண்டிக்கு சொன்னான்? சரியா சொல்லு" என்று கேட்டாள்.

"புதுசா செய்யற வண்டிக்கு."

"அப்போ நம்ம வண்டிக்கு இன்னா?"

"லூசு. முதல் பாடு புது வண்டிக்கு. அடுத்த பாடு பழைய வண்டிக்கு. முறைன்னா அப்டித்தானே வரும்?"

ஒருத்தியும் மறுத்துப் பேசவில்லை. எப்படி மறுப்பார்கள்? ஒருத்தனுக்கு வைத்த முறை இன்னொருத்தனுக்கு வராமலே போகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆவணிக்குள் நம் முறை வந்துவிடும் என்றாள் ஒருத்தி. தீபாவளிக்குள் என்றாள் இன்னொருத்தி. கோவிந்தம்மா அன்று ராத்திரி என்னிடம், "புது வண்டி வந்தா நான் ஜன்னலாண்ட குந்துவேன்" என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள். "குந்து, குந்து" என்றேன்.

ஆவணியில் வேனுக்கு எஃப்.சி. காட்ட வேண்டிய நாள் வந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் மைதானத்தில் வண்டியை நிறுத்தி, நன்றாக ஓடுகிறது என்று கையெழுத்து வாங்க வேண்டும். மற்ற வருஷமெல்லாம் அதற்கு முன்னால் டீசல் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்வேன், புகையைக் குறைத்துக் காட்டுவேன். இந்த வருஷம் எனக்கு வேறு புத்தி போயிற்று. சட்டம்தான் வந்துவிட்டதே. இன்ஸ்பெக்டர் இந்த வண்டி உதவாது என்று எழுதிவிட்டால் பாய் வேறு வண்டி எடுத்துத்தானே ஆக வேண்டும்? ஆகவே என் பழைய லுங்கியில் ஒரு முழம் கிழித்து, இன்ஜின் காற்று இழுக்கிற வாயில் திணித்தேன். காற்றுப் போதாமல் வண்டி கன்னங்கரேலென்று கக்கியது. மைதானத்தில் வரிசையில் நின்ற லாரிக்காரர்களெல்லாம் என் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்னய்யா இது, வண்டியா, செங்கல் சூளையா?"

"அதான் சார், புகைச் சட்டம் வந்துக்கீதாமே. இந்த வண்டி தேறாதுன்னு எழுதிடுங்க சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எஃப்.சி. வேண்டாம் என்று கேட்கிற டிரைவரை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்.

"அது கம்பெனியில புதுசா செய்யற வண்டிக்குய்யா. அங்கேயே மிஷின் வெச்சு அளந்து அனுப்புவாங்க. உன் வண்டியை அளக்க என்கிட்ட என்ன இருக்கு? இந்த ரெண்டு கண்ணுதான்."

"பழைய வண்டிக்குப் பாடு எப்போ சார்?"

"பாடா? என்ன பாடு?"

"முறை சார். எங்க முறை எப்போ வரும்?"

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன். "முறையெல்லாம் ஒண்ணும் கிடையாதுப்பா. பழைய வண்டி ஓடுற வரைக்கும் ஓடும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "சரி, நாளைக்குப் பத்து மணிக்குக் கொண்டா. பெரிய ஆபீசர் வர்றார். இந்தப் புகையை அவரே பார்க்கட்டும். அவர் வேண்டாம்னு சொன்னா நிறுத்திடலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் பத்து மணி வரைக்கும் அதே புகை இருக்க வேண்டும். துணியை எடுக்கவில்லை.

எடுத்திருக்கலாம். மார்க்கெட் சவாரியை முடித்துவிட்டு, மைதானத்துக்குப் போகிற வழியில் மறுபடி திணித்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. ஏன் செய்யவில்லை என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். மறுநாள் மூலையில் ஜெசிந்தாவின் முறை. ஒன்பது பேரில் இளையவள், திடமானவள். ஒரு நாள்தானே, தாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். என் வீட்டு ஆள் இல்லை என்கிற தைரியம்தான் அது, வேறொன்றுமில்லை.

மறுநாள் விடிகாலை இருட்டில் கூடைகளை ஏற்றினார்கள். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு. வண்டியை நிறுத்த வேண்டுமானால் அதில் தட்டுவார்கள். கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே உள்ளே இருமல் கிளம்பிற்று.

"தருமு! இன்னாடா இன்னிக்கு இப்டிப் புகையுது?" என்று சூசையம்மாள் கத்தினாள்.

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ! பத்து மணிக்கு எல்லாத்துக்கும் முடிவு கட்டிடறேன்!" என்று நானும் கத்தினேன். உற்சாகமாகத்தான் கத்தினேன்.

இருமல் தினமும் கேட்கிறதுதான். திருப்பாலைவனம் தாண்டினேன். மெதூரை நெருங்கும்போது தடுப்பில் தட்டினார்கள். ஒரு கை இல்லை, ஏழெட்டுக் கை சேர்ந்து தட்டியது. நிறுத்திவிட்டு ஓடிப் பின்கதவைத் திறந்தேன். புகை என் முகத்தில் அடித்துக்கொண்டு வந்தது. அது அடங்கியதும் மூலையைப் பார்த்தேன். ஜெசிந்தா இல்லை. கோவிந்தம்மா. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னாத்துக்குமே இங்க குந்துன? உன்ன எவ குந்தச் சொன்னா?"

ஜெசிந்தா அழுதுகொண்டே சொன்னாள். அவளுக்கு இரண்டு மாதம் தள்ளிப் போயிருந்தது. முன்னால் இரண்டு தங்காமல் போனதால், கண் படும் என்று வெளியே சொல்லவில்லை. கோவிந்தம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். "எனக்கு ஒண்ணும் ஆவாது, என் பாக்கிப் பாட்டை இன்னிக்குக் கழிச்சிக்கறேன்னு சொல்லி அக்கா குந்திக்கிச்சி அண்ணே. தட்டறேன் தட்டறேன்னேன். வேணாம், நிறுத்தினா நீ இங்க வரணும்னு கையப் புடிச்சிக்கிச்சி."

அவளை வெளியே தூக்கி வந்து ரோட்டோரம் உட்கார வைத்தேன். காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஏரிக் காற்று, நல்ல காற்று. அது அவளுக்குள்ளே போகவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காதைக் கொண்டு போனேன்.

"இன்னிக்கு... இன்னாத்துக்குயா... இவ்ளோ புகை?"

அவள் விரல்களைச் சட்டையிலிருந்து பிரித்துவிட்டு எழுந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக அந்த ரோட்டில் அந்த நேரத்துக்கு வேறு வண்டி ஏது? அதே வேன்தான். இன்ஜின் மூடியைத் தூக்கி, திணித்த துணியை உருவி எறிந்தேன். எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோவிந்தம்மாவை முன்சீட்டில், ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். மெதூரைத் தாண்டுவதற்குள் அவள் தலை கதவில் சாய்ந்துவிட்டது. இழுப்புச் சத்தம் நின்றதும், அடங்கிவிட்டது, பிழைத்துக்கொண்டாள் என்று நான் நினைத்தேன். அட பாவி, அப்படித்தான் நினைத்தேன். ஆக்சிலேட்டரைக்கூடக் கொஞ்சம் தளர்த்தினேன்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதையைக் கேட்டிருக்கிறேன். அவன் வீட்டுக்குள் ஆள் இருந்ததா என்று கதையில் சொல்வதில்லை.

பெரிய ஆபீசர் அன்றைக்கு வந்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் பாய் வேறு டிரைவரை வைத்து வேனை மைதானத்துக்கு அனுப்பினார். துணி எடுத்த பிறகு வண்டி வழக்கமான புகைதான் விட்டது. வழக்கமான புகைக்குக் கையெழுத்துக் கிடைத்துவிட்டது.

கருமாதி முடிந்த மறுநாள் சூசையம்மாள் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். கையில் சுருக்குப்பை. அதிலிருந்து கோவிந்தம்மாவின் கிளிஞ்சலை எடுத்து நீட்டினாள். ஓரத்தில் மூன்று கீறல், கோவிந்தம்மாவே கீறியது.

"பாடு வூட்ட வுட்டுப் போவாது தருமு. ஏரிலயும் அப்டித்தான், வண்டிலயும் அப்டித்தான். கோவிந்தம்மா எடம் உங்க வூட்டு எடம். வேற ஆளைச் சேக்க மாட்டோம். யாரை அனுப்பற, சொல்லு."

எங்களுக்கு ஒரே மகள், மனோரமா. பத்தொன்பது வயது. உள்ளேயிருந்து வந்தவள், என்னைக் கேட்காமலே கிளிஞ்சலை வாங்கிக்கொண்டாள்.

"குடுடி அத்த! அந்த வண்டில உன் நெழல்கூட விழக்கூடாது!" என்று பாய்ந்தேன்.

"வேற இன்னா பண்றது நைனா? தலைல கூடையோட பொன்னேரிக்கு நடந்தா போவ முடியும்? எனக்கு இழுப்பெல்லாம் இல்ல. நான் குந்துவேன்" என்றாள். குரலில் அப்படியே அவள் அம்மா.

மனோரமா உள்ளே போன பிறகு சூசையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தத் துணிய நான் பாத்தேன் தருமு. எல்லாந்தான் பாத்தோம். இன்னாத்துக்கு வெச்சேன்னும் தெரியும். பொண்ணுக்குத் தெரிய வேணாம்." அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பொம்பளை வாழ்க்கையில் திட்டாமல் விட்டது என்னை அந்த ஒரு தடவைதான்.

பாயிடம் போய், அந்த வேனில் இனி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நீ ஏற வேணாம் தருமு. மார்கழில புது வண்டி வருது. உனக்குன்னுதான் நெனச்சிக்கினு இருக்கேன்" என்றார்.

புது வண்டி வந்தது. வெள்ளை வெளேரென்று. ஸ்டார்ட் செய்தால் பின்னால் புகையே தெரியவில்லை. குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்தேன், கை கறுக்கவில்லை. பாய் ஒரு காகிதத்தைக் காட்டினார். "பாரு தருமு, கம்பெனிலயே அளந்து எழுதிக் குடுத்துக்கீறான். சட்டப்படி புகை."

"இதுல பொம்பளைங்க குந்தலாமா பாய்?"

அவர் முகம் சுருங்கியது. "இது இறாலுக்குப்பா. வெளிநாட்டுக்குப் போற இறால். ஐஸ் போட்டு, கதவ சாத்தி, நேரா மெட்ராஸ் போவணும். மீன் கூடை ஏறினா வாடை ஒட்டிக்கும்னு இறால் எடுக்கறவன் சொல்றான். நான் இன்னா பண்றது?"

மறுநாள் கரையில் இறால் பெட்டிகளை ஏற்றும்போது ஜெசிந்தா வந்து பார்த்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. இப்போது அவளுக்கும் முறை விலக்கு. வண்டியைச் சுற்றி வந்து, பின்குழாயைக் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"செத்த இறாலுக்கு இன்னாத்துக்கு அண்ணே நல்ல காத்து?"

கோபக்காரன் நான். போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம். விடியற்காலைப் பனி. கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுவது என் வழக்கம், கோவிந்தம்மா போனதிலிருந்து மூடிய இடத்தில் என்னால் இருக்க முடிவதில்லை. திருப்பாலைவனம் தாண்டியதும் முன்னால் பழைய வேன் போய்க்கொண்டிருந்தது. கிளம்பும்போதே கேள்விப்பட்டிருந்தேன், புதுச் சுற்றுக்குக் கிளிஞ்சல் குலுக்கினார்கள், முதல் நாள் எங்கள் வீட்டுக்கு விழுந்தது என்று.

ரோடு குறுகல். முந்த வழியில்லை. என் வண்டி வெளிச்சம் அதன் பின்கண்ணாடியில் விழுந்தது. இடது மூலையில் மனோரமா உட்கார்ந்திருந்தாள், அம்மாவின் புடவை முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு. நான்தான் என்று தெரிந்து கையை ஆட்டினாள். முந்தானையைக் கீழே இறக்கிச் சிரித்துக்கூடக் காட்டினாள். பிறகு வேன் மேட்டில் ஏறத் திணறியது. டிரைவர் மிதித்தான். கறுப்பாக ஒரு மேகம் கிளம்பி அவள் முகத்தை மறைத்தது. அப்படியே ரோட்டில் புரண்டு என் ஜன்னல் வழியே உள்ளே வந்தது. எனக்கு இருமல் வந்தது.

என் கை தானாகப் போய்க் கண்ணாடியை ஏற்றியது.

ஏற்றி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. உள்ளே சுத்தமான காற்று. பின்னால் ஐஸில் இறால். முன்னால் என் பெண் இருமுவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. பொன்னேரி வரைக்கும் நான் அந்தக் கண்ணாடியை இறக்கவில்லை.